அறங்காவலர் ஆகிவிட்டேன், நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் நடத்தும் அறக்கட்டளையில் அறங்காவலராகச் சேரும்படி கேட்டார்கள், சேர்ந்தேன். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறார்கள். நிறுவனர் அந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர், அவரைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். நாங்கள் மொத்தம் ஏழு பேர்: அவர், அவர் மனைவி, அவர் தம்பி, வெளியிலிருந்து நான்கு பேர். நான் சேர்ந்த பிறகு ஒரே ஒரு கூட்டம்தான் நடந்தது. போன மாதம் அலுவலகத்திலிருந்து மினிட்ஸ் புத்தகத்தை, அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டை, வீட்டுக்கே கொண்டுவந்து, நான் போகாத, எனக்குத் தெரிந்து நடக்கவே நடக்காத ஒரு கூட்டத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். தம்பியின் கட்டடத்தை விடுதிக்கு வாடகைக்கு எடுப்பதாக அதில் தீர்மானம். "படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே நிறுவனர் போன் செய்தார். "டீச்சர், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. கணக்கு வழக்கும் எனக்குப் புரியாது. கையெழுத்துப் போட்டுவிடவா, கௌரவமாக விலகிவிடவா? நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால், ஒரு பைசா வாங்காத என்னையும் கேட்பார்களா?

பதில்:

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைக்கு விலகவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வதுதான் என் தொழில். நடக்காத கூட்டத்தின் மினிட்ஸ் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தணிக்கை நெருங்கும்போது வருடம் முழுவதற்குமானதை ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பார்கள். பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும். எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே மை, ஒரே கையெழுத்து. எல்லா அறங்காவலரும் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்திருப்பார்கள். "தலைவர் முன்மொழிய, ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று ஒவ்வொரு தீர்மானமும் முடியும். உண்மையில் கூடிப் பேசிய கூட்டத்தின் மினிட்ஸ் அவ்வளவு வழவழப்பாக இருக்காது. ஒருவர் வர இயலவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார். ஒருவர் விலைப்புள்ளியைத் திரும்பக் கேட்டு வாங்கும்படி சொல்லியிருப்பார். ஏதாவது ஒரு விஷயம் முடிவாகாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கும்.

"போன்ல எல்லாரும் சரின்னுட்டாங்க, எழுத்துல வரணுமேன்னுதான்" என்று உங்களிடம் சொல்லக்கூடும். அதைக் கேட்டு இளகிவிடாதீர்கள். வங்கி கணக்கைத் திறப்பதும், சொத்தைப் பதிவு செய்வதும், வரித்துறை விலக்குக் கொடுப்பதும் இந்த மினிட்ஸை நம்பித்தான். அதில் நீங்கள் போடும் கையெழுத்துக்கு ஒரே பொருள்தான்: நான் அங்கே இருந்தேன், கேட்டேன், சம்மதித்தேன். படிக்காத விடைத்தாளுக்கு நீங்கள் மதிப்பெண் போட்டிருக்க மாட்டீர்கள் அல்லவா, இதுவும் அதே போலத்தான். பின்னாளில் அந்த வாடகையைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால், "எனக்கு எதுவும் தெரியாது" என்ற உங்கள் உண்மையான பதிலை உங்கள் கையெழுத்தே பொய்யாக்கிவிடும்.

அவசரமென்றால் நேர்மையான வழியும் இருக்கிறது. அறக்கட்டளைப் பத்திரம் (அறக்கட்டளையைத் தொடங்கும்போது அதன் நோக்கத்தையும் விதிகளையும் எழுதிவைத்த ஆவணம்) அனுமதித்தால், தீர்மானத்தின் வரைவை அதற்கான ஆவணங்களோடு எல்லா அறங்காவலர்களுக்கும் சுற்றுக்கு விட்டு, கையெழுத்திட்ட அன்றைய தேதியையே போட்டு, அடுத்த கூட்டத்தில் அதைப் பதிவு செய்யலாம். காணொளிக் கூட்டமும் நடத்தலாம். நிறுவனரிடம் இதை நீங்களே சொல்லுங்கள். அவருக்கு இப்படி ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இந்த விஷயத்தில் அது பெரிய தடை இல்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், இலங்கையின் 1917ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள சட்டங்கள் எல்லாமே இங்கிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்த ஒரே மரபிலிருந்து வந்தவை. நுணுக்கங்கள் மாறும், அடித்தளம் மாறாது. இந்தியச் சட்டத்தின் 48ஆம் பிரிவைப் பாருங்கள்: அறங்காவலர்கள் பலர் இருந்தால், பத்திரம் வேறு மாதிரி சொல்லாதவரை, எல்லாரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். 47ஆம் பிரிவு, தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது என்கிறது. சக அறங்காவலர் தலையிலும்தான். அந்தச் சட்டம் நேரடியாகத் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியது. ஆனாலும் பொது அறக்கட்டளைகளுக்கும் இந்தக் கோட்பாடுகள் பொருந்தும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. ஆகவே, "எல்லாம் ஐயா பார்த்துக்கொள்வார்" என்பது அன்பினால் சொல்லப்படும் பேச்சாக இருந்தாலும், சட்டம் அதை ஏற்காது.

அடுத்தது வாடகை. தம்பியின் கட்டடம் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வட்டாரத்திலேயே விடுதிக்குப் பொருத்தமான கட்டடம் அதுவாக இருக்கலாம், வாடகையும் குறைவாக இருக்கலாம். ஆனால் அதை அவர்களே சொல்லி அவர்களே முடிவு செய்ய முடியாது. ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1726இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கு. ராம்ஃபோர்டு என்ற ஊரில் இருந்த சந்தையின் குத்தகை ஒரு சிறு குழந்தையின் பெயரில் அறக்கட்டளைச் சொத்தாக இருந்தது. குத்தகைக் காலம் முடியும் தறுவாயில், அதைக் குழந்தைக்காகப் புதுப்பித்துத் தரும்படி அறங்காவலர் கேட்டார். குழந்தையை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லி உரிமையாளர் மறுத்துவிட்டார். அதன்பிறகு அறங்காவலர் தன் பெயரிலேயே குத்தகையை எடுத்துக்கொண்டார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அந்தக் குத்தகை குழந்தைக்குக் கிடைக்கப்போவதும் இல்லை. இருந்தும் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்திலேயே அந்தக் குத்தகையை எடுக்கக் கூடாத ஒரே ஆள் அறங்காவலர்தான் என்றது. கிடைத்த லாபத்தையும் குழந்தைக்கே கொடுக்கச் சொன்னது. அந்த அறங்காவலரைத் திருடர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்தால், புதுப்பித்துத் தரும்படி கேட்கும்போதே அடுத்த அறங்காவலர் அரை மனதோடுதான் கேட்பார். நீதிமன்றம் அதைத்தான் தடுத்தது.

இன்றைய நடைமுறையில், பத்திரமும் உள்ளூர்ச் சட்டமும் இடம் கொடுத்தால், வெளிப்படையாகச் செய்யலாம். தம்பி தன் ஆதாயத்தைக் கூட்டத்தில் வாய்திறந்து சொல்ல வேண்டும். அந்த விஷயம் பேசப்படும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. அண்ணனும் அண்ணியும் விலகி நிற்பதுதான் முறை. மீதி நீங்கள் நான்கு பேர். நான்கு பேர் இருந்தால் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, ஆகிறதா என்று பத்திரத்தில் பாருங்கள்; ஆகாவிட்டால், முடிவெடுப்பதற்கு முன்பே சட்ட ஆலோசனை தேவைப்படும். சுற்றுவட்டாரத்தில் அதே அளவுள்ள வேறு கட்டடங்களின் வாடகை என்ன என்று அறக்கட்டளையோடு தொடர்பில்லாத ஒருவர் எழுத்தில் தர வேண்டும். இவ்வளவும் மினிட்ஸில் ஏற வேண்டும். வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்கள் உறவினருக்கோ சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்தால், பல நாடுகளில் அந்த விலக்குக்கே ஆபத்து வரும். இந்திய வருமான வரிச் சட்டம் இதில் மிகவும் கடுமையானது.

வாடகை ஒப்பந்தம் கையில் வந்தால் என் கண் மாத வாடகைக்கு முதலில் போகாது. முன்பணம் எவ்வளவு, எத்தனை வருட ஒப்பந்தம், பராமரிப்பு யார் செலவு என்று இந்த மூன்றையும்தான் முதலில் பார்ப்பேன். வாடகை நியாயமாகவே இருக்கும். ஆனால் கட்டடத்தை விடுதியாக மாற்றுகிறோம் என்று கழிப்பறைகள், சமையற்கூடம், மாடியில் கூடுதல் அறைகள் எல்லாம் நன்கொடைப் பணத்தில் எழும்பும். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு மட்டும் இருக்கும். அது முடிந்து கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னால், பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள், கட்டியதெல்லாம் கட்டடத்துக்காரருக்கு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அண்ணன் தம்பிக்குள் பிறகு ஒரு மனஸ்தாபம் வந்தால் போதும். ஆகவே செலவு செய்வதற்கு முன்பே நீண்ட கால ஒப்பந்தம் வேண்டும், அது பதிவு செய்யப்பட வேண்டும், இடையில் காலி செய்யச் சொன்னால் கட்டுமானச் செலவில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

"என் மேல நம்பிக்கை இல்லையா?" உங்களை அதிகம் வருத்தியது இந்தக் கேள்விதான் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நிறுவனர் மனம் நொந்துதான் கேட்டிருப்பார். தன் காலத்தையும் உழைப்பையும் கொட்டி வளர்த்த இடத்தில், நேற்று வந்தவர் தாளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். அந்த வலிக்கு நீங்கள் மரியாதை கொடுக்க வேண்டும், ஆனால் அந்த வலியைத் தீர்ப்பதற்காகக் கையெழுத்தைக் கொடுக்கக் கூடாது. நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "ஐயா, உங்க மேல நம்பிக்கை இருந்ததாலதான் வந்தேன். நாளைக்கு யாராவது இந்தக் கட்டடத்தைப் பத்திக் கேட்டா, தம்பிக்குக் கொடுத்துட்டார்னு உங்க பேரைத்தான் சொல்வாங்க. நாங்க நாலு பேரும் பார்த்து, விசாரிச்சு, எழுதி வச்சிருந்தா உங்களுக்குத்தான் பாதுகாப்பு." இது சமாளிப்பதற்கான பேச்சு அல்ல, உண்மையே இதுதான். கேள்வி கேட்கும் அறங்காவலர்கள் இருக்கும் இடத்தில்தான் நல்ல நிறுவனரின் பெயர் அவருக்குப் பின்னாலும் நிலைக்கிறது.

கேள்வி கேட்பவர்கள் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதை சிங்கப்பூர் பார்த்தது. அங்கே தேசியச் சிறுநீரக அறநிறுவனம் மக்களின் பெருமதிப்புக்கு உரியதாக இருந்தது. தலைமை நிர்வாகி முதல் வகுப்பில் விமானப் பயணம் செய்கிறார் என்று 1990களின் பிற்பகுதியில் சொன்னவர்கள் மீது நிறுவனமே வழக்குத் தொடுத்து மன்னிப்புக் கேட்க வைத்தது. 2004இல் அவருடைய அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்டது என்று ஒரு பத்திரிகை எழுதியபோது, அதன்மீதும் அவதூறு வழக்குப் போட்டார்கள். 2005 ஜூலையில் விசாரணை தொடங்கி, குறுக்கு விசாரணையில் அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 6 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி என்று வெளியானது; நிறுவனம் வழக்கை வாபஸ் வாங்கியது. ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள், இயக்குநர் குழு ஒட்டுமொத்தமாக விலகியது. பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், குழு தன் அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே மனிதரிடம் கொடுத்துவிட்டிருந்தது. குழுவில் இருந்தவர்கள் படித்தவர்கள், சமூகத்தில் நல்ல பெயர் உள்ளவர்கள். ஒருவரை மதிப்பதும் அவர் செய்வதைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைத்துக்கொண்டால் இந்த இடத்தில்தான் போய் முடியும். அதற்கடுத்து 2007இல் சிங்கப்பூரில் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை வந்தது. ஒருவர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் பொருளாளராக இருக்கக் கூடாது என்பது அதில் உள்ள ஒரு விதி. உங்கள் அறக்கட்டளையில் பொருளாளர் எத்தனை ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்றும் விசாரித்துப் பாருங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். சம்பளம் வாங்கவில்லை என்பது விலக்கு ஆகாது. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்வது போல அறக்கட்டளைச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம் கேட்கும் அளவுகோல். அதற்குமேல் மேதாவித்தனம் கேட்பதில்லை. மற்றவர் செய்த தவறுக்காகப் பொதுவாக நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். ஆனால் இந்தியச் சட்டத்தின் 26ஆம் பிரிவு மூன்று இடங்களில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுகிறது: சொத்தை இன்னொரு அறங்காவலர் கையில் கொடுத்துவிட்டு அது சரியாகச் செலவாகிறதா என்று பார்க்காமல் இருந்தால், அவர் வாங்கிய பணம் என்ன ஆயிற்று என்று உரிய விசாரணை செய்யாமல் இருந்தால், தவறு தெரிந்தும் மறைத்தால், அல்லது நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால். மறைப்பதைத் தவிர மற்றவை எல்லாமே, செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்ததற்கான பொறுப்புகள் என்பதைக் கவனியுங்கள். பலர் சேர்ந்து செய்த தவறென்றால், முழு நஷ்டத்தையும் அவர்களில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்கிறது 27ஆம் பிரிவு.

அதே சமயம் நேர்மையாக முயன்றவர்களைச் சட்டம் வேட்டையாடுவதில்லை. பிரிட்டனில் 1996இல் தொடங்கப்பட்ட கிட்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நல அறநிறுவனம் 2015 ஆகஸ்டில் திடீரென்று மூடப்பட்டது. அரசு 30 லட்சம் பவுண்டு மானியம் கொடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அறங்காவலர்களை நிறுவன இயக்குநர் பதவிக்குத் தகுதியற்றவர்களாக அறிவிக்கக் கோரி வழக்குத் தொடரப்பட்டது. 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அக்கறையோடு, ஊதியமின்றி உழைத்தவர்கள் என்று அவர்களை ஏற்றுக்கொண்டது. மறுவருடம் அங்கே அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் தன் அறிக்கையில் நிர்வாகக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டியது: ஊழியர்களுக்கும் வரித்துறைக்கும் கொடுக்க வேண்டியதை உரிய நேரத்தில் கொடுக்கவில்லை. கையிருப்போ எப்போதும் மிகக் குறைவு. அறங்காவலர்கள் தப்பித்தார்கள். அந்த வாசலை நம்பி வந்த பிள்ளைகள் அன்று எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் விடுதியிலும் மாதக் கடைசியில் கணக்கு முட்டினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான், கூட்டத்துக்கு வந்து கேட்க முடியாதவர்களும் அவர்கள்தான்.

கணக்கு புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லும் தைரியம் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தணிக்கை அறிக்கையின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் இணைப்பு அட்டவணைகளுக்குப் போங்கள். "முன்பணங்கள்" என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக இந்த வருடத் தொகையும் போன வருடத் தொகையும் இருக்கும். ஒரே பெயருக்கு இரண்டு வருடமும் ஒரே தொகை அப்படியே நின்றால், அந்தப் பணம் யாரிடமோ போய்த் திரும்பி வராமல் கிடக்கிறது என்று பொருள். "இது என்ன பணம், எப்போது வரும்?" என்று கேளுங்கள். அதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. பிறகு "குறிப்பிட்ட நோக்கத்துக்கான நிதி" என்ற இடத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் உயர்கல்விக்கு என்று ஒருவர் கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் எடுத்துச் செலவழித்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, அந்த நிதியின் தொகையை வங்கி வைப்புத்தொகையோடு ஒப்பிட்டால் போதும். நிதி பெரிதாகவும் வைப்புத்தொகை சிறிதாகவும் இருந்தால் நடுவில் உள்ள பணம் எங்கே என்று கேட்க வேண்டும். ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி, வரிப் பிடித்தம் இரண்டும் உரிய தேதியில் கட்டப்பட்டதா என்பதை ரசீதோடு காட்டச் சொல்லுங்கள். பணத் தட்டுப்பாடு வரும் அறக்கட்டளைகள் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். கடைசியாக, எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பை ஒரு மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். நாளை நன்கொடை நின்றால் எத்தனை மாதம் விடுதி ஓடும் என்று அது சொல்லும். இந்த ஒரு எண் ஒவ்வொரு கூட்டத்திலும் உங்கள் முன்னால் வைக்கப்பட வேண்டும்.

கணக்காளன் என்பதால் பணத்தைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். விடுதி நடத்தும் அறக்கட்டளையில் அறங்காவலரின் முதல் கேள்வி பணமாக இருக்கக் கூடாது. இரவில் பிள்ளைகளோடு தங்குவது யார், வேலைக்கு எடுக்கும் முன் அவர்களைப் பற்றி விசாரித்தார்களா, ஒரு பிள்ளைக்கு யாராலாவது தொல்லை என்றால் விடுதிக் காப்பாளரைத் தாண்டி யாரிடம் சொல்லலாம், போன வருடம் வந்த புகார்கள் என்ன ஆயின? புகாரே வரவில்லை என்று பதில் வந்தால் அதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வகுப்பறையில் வாழ்ந்த உங்களுக்குப் பிள்ளைகளின் முகத்தைப் படிக்கத் தெரியும். அந்தக் குழுவிலேயே உங்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லாத தகுதி அதுவாகக்கூட இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. போனில் பேசி முடித்துக்கொள்ளாமல், ஒரு சிறு கடிதத்தை நிறுவனருக்கு அனுப்பி, நகலை மற்ற ஐவருக்கும் அனுப்புங்கள். குற்றச்சாட்டின் தொனி ஒரு வார்த்தையிலும் வரக் கூடாது. மாதிரிக்கு:

"மதிப்பிற்குரிய ஐயா, மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்துக்காக அனுப்பியிருந்தீர்கள். அந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பு எனக்கு வரவில்லை, நான் கலந்துகொள்ளவும் இல்லை. ஆகவே அதில் கையெழுத்திட இயலவில்லை. கட்டட வாடகை குறித்து முடிவெடுக்க விரைவில் ஒரு கூட்டம் கூட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அறக்கட்டளைப் பத்திரம், கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கைகள், வாடகை ஒப்பந்த வரைவு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு கட்டடங்களின் வாடகை விவரம் ஆகியவற்றின் நகல்கள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக எல்லா அறங்காவலர்களுக்கும் கிடைக்கச் செய்தால் உதவியாக இருக்கும்."

இந்த ஆவணங்களைக் கேட்பது சலுகை அல்ல, அறங்காவலராக உங்கள் உரிமை. மற்ற மூன்று வெளியாட்களில் நிதானமான ஒருவரிடம் முன்கூட்டியே பேசிப் பாருங்கள். அணி சேர்ப்பதற்காக அல்ல. உங்களுக்கு வந்த சந்தேகம் அவருக்கும் வந்திருக்கும், இருவருமே வாயைத் திறக்காமல் இருந்திருப்பீர்கள். கூட்டம் நடந்து உங்களுக்கு உடன்பாடில்லாத முடிவு வந்தால், "என் மறுப்பை மினிட்ஸில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். பதிவானதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நீங்கள் அனுப்பிய கடிதங்களின் நகல்களை வீட்டில் ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

என் அனுபவத்தில் பெரும்பாலான நிறுவனர்கள் இந்த இடத்தில் இறங்கி வருகிறார்கள். முதலில் கோபம் இருக்கும், பிறகு கூட்டம் நடக்கும், வாடகையும் ஓரளவு குறையும். அப்படி நடந்தால், அதே சூட்டோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு எத்தனை கூட்டம், எந்த மாதங்களில் என்று முன்கூட்டியே முடிவு செய்வது; அறங்காவலர்களுக்குப் பதவிக் காலம் வைப்பது. இங்கிலாந்தில் அறநிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நெறிமுறையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, குழுவில் 5 முதல் 12 பேர் இருப்பது நல்லது என்கிறது. ஒருவர் ஒன்பது ஆண்டுகளைத் தாண்டினால் அவர் தொடர வேண்டிய காரணத்தைக் கறாராகப் பரிசீலிக்கச் சொல்கிறது. உங்கள் குழு ஏழு பேர், எண்ணிக்கை சரிதான். ஏழில் மூன்று பேர் ஒரே குடும்பம் என்பதைக் காலப்போக்கில் குறைக்க வேண்டும். நிறுவனருக்குப் பிறகு யார் என்ற பேச்சை அவர் நலமாக இருக்கும்போதே எடுப்பதும் அந்தக் குழுவின் வேலைதான்.

ஆவணமும் தராமல், கூட்டமும் கூட்டாமல் இழுத்தடித்தால், அறக்கட்டளையின் தணிக்கையாளருக்கு எழுதுங்கள். அறங்காவலர் எழுத்தில் கேட்டதைப் பொறுப்புள்ள தணிக்கையாளர் ஒதுக்கிவிட மாட்டார். அதற்கும் மேலே, நாட்டுக்கு நாடு ஒரு வாசல் உண்டு: இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் அறநிறுவனங்களுக்கென்றே கண்காணிப்பு அமைப்பும் ஆணையரும் இருக்கிறார்கள், இந்தியாவில் பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குத் தொடரலாம். அது கடைசிப் படி. அங்கே போவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விலகுவது அதற்குப் பிறகு வர வேண்டிய முடிவு. இன்றைக்கு நீங்கள் சத்தமில்லாமல் விலகினால், உங்கள் இடத்துக்குக் கேள்வி கேட்காத ஒருவர் வருவார், அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். எல்லா வழியும் அடைபட்டு விலகத்தான் வேண்டும் என்றால், பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் நினைத்தபடி உதறிவிட்டுப் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்திரத்தில் அதற்கு வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனாளிகளின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ தேவை என்று இந்தியச் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொல்கிறது. விலகல் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள், உண்மையான காரணத்தை எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வங்கியில் கையொப்ப அதிகாரம் உங்கள் பெயரில் இருந்தால் அதை நீக்கச் சொல்லி வங்கிக்கும், அறங்காவலர் பட்டியலில் மாற்றம் செய்யச் சொல்லி வரித்துறைப் பதிவுக்கும் தகவல் போனதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்திரத்தின் நகல் கைக்கு வந்ததும், கோரம், அறங்காவலர் விலகல், சொத்து வாடகை ஆகியவை பற்றிய பிரிவுகள் உள்ள பக்கங்களை மட்டும், பெயர்களை மறைத்து, எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.